பத்து ஈடு பச்சை பிஸ்கட்

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்கள் அடுக்களைக்குள் குரல் கொடுக்காமல் நுழையக் கூடாது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நான் அப்படி நுழைந்தேன். இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் பதினான்கு எட்டு. பதினான்காவது எட்டில் மேடைமேல் ஒரு தட்டைக் கண்டேன். அதில் வட்ட வட்டமாக மாவு. ஒவ்வொன்றும் பச்சை.

"தொடாதே! கையை எடு! களிம்பு!" என்று கத்திவிட்டேன்.

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த பேத்தி திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"என்ன தாத்தா களிம்பு? கிரீன் டீ பவுடர். ஷார்ட்பிரெட் பண்றேன்."

அவள் பேச்சில் எங்கள் ஊர் மருந்துக்கும் கிடையாது. ஒரு சிறிய பொட்டலத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் அதைப் பார்க்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. அவள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சமாதானமாகச் சொன்னாள்:

"ரொம்ப சிம்பிள் தாத்தா. ஒரு பங்கு சர்க்கரை, ரெண்டு பங்கு வெண்ணெய், மூணு பங்கு மாவு. அவ்வளவுதான்."

ஒன்று, இரண்டு, மூன்று. இந்தக் கணக்கை நான் அதற்கு முன் ஒரே ஒரு வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அதற்கு அறுபத்துநான்கு வருடம் ஆகிறது.

பதினெட்டாம் நிமிடம் அடுப்புப் பெட்டி மணியடித்தது. ஆறியதும் ஒன்றை என் கையில் வைத்தாள். கடித்தேன். முதலில் வெண்ணெய். அப்புறம் மாவு மணல்போல உதிர்ந்தது. கடைசியில் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஒரு மெல்லிய கசப்பு, மழையில் நனைந்த புல்லை மென்றதுபோல. மாத்திரை இடது கையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டுக்கு ஐப்பசி மழையோடு சித்தி வந்து இறங்கினாள். அம்மாவின் தங்கை. கையில் இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, ஆறு வயது மகள். அந்த மகளைத் தங்கச்சி என்றே இங்கே சொல்கிறேன். மணிமுத்தாறுக்கு மேலே மலைத் தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார். சித்தி அங்கே துரை பங்களாவின் அடுக்களையில் வேலை பார்த்தவள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எங்கள் வீட்டில் அவளைப் பற்றி அடிக்கடி சொல்லப்பட்ட வாக்கியம், "கை சுத்தம், கணக்குதான் வராது" என்பது.

அப்பா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அங்கே சொல்லி, பள்ளியின் விடுதியில் சித்திக்குச் சமையல் பொறுப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் வேலையைப் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நிரந்தரம் செய்வார்கள். நிரந்தரமானால் விடுதியிலேயே ஓர் அறை, தங்கச்சிக்கு அந்தப் பள்ளியிலேயே படிப்பு. ஆகாவிட்டால் மறுபடி மலை. மலைப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் பெண்பிள்ளைகளுக்கு முதுகில் கூடை.

சித்திக்கு இது தெரியும். காலையில் விடுதிக்குக் கிளம்பும்போது மகளின் தலையைத் தொட்டுவிட்டு, "இன்னும் அம்பத்தேழு நாளு" என்பாள். மறுநாள் "அம்பத்தாறு" என்பாள். கணக்கு வராதவள் அதை ஒருநாளும் தப்பவிட்டதில்லை. இதை நான் அப்போது கவனித்தேன்; யோசிக்கவில்லை.

டிசம்பரில் விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தேநீர் விருந்து உண்டு. பண்டம் செய்வது சமையல் பொறுப்பாளரின் வேலை. வழக்கமாக முறுக்கும் அதிரசமும் போகும். சித்தி துரைசானிக்குச் செய்து கொடுத்த வெண்ணெய் பிஸ்கட்டைச் செய்யப்போவதாகச் சொன்னாள். வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் விடுதியிலிருந்து வந்தன. விடுதி அடுப்பில் அண்டா வைக்க இடமில்லை என்று எங்கள் வீட்டு முற்றத்தில் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். அம்மாவின் பெரிய பித்தளை அண்டாவில் ஒரு சாண் உயரத்துக்கு ஆற்று மணல். அதைச் சலித்து, காயவைத்து, வறுத்து வைத்திருந்தாள். மணல்மேல் ஓர் இரும்பு வளையம், வளையத்தின்மேல் தகரத் தட்டு. அண்டா வாயை மூடி, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. மாவைப் பிசைந்தது நீல விளிம்பு போட்ட பீங்கான் சட்டியில். அந்த விளிம்பு மூன்று இடத்தில் பெயர்ந்திருந்தது. இதையெல்லாம் ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

தகரப் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். உள்ளே பச்சைப் பொடி.

"என்ன சித்தி இது?"

"தேயிலைய்யா. கொழுந்தைப் பறிச்ச உடனே இட்லிச் சட்டியில ஆவி காட்டிரணும். அப்பதான் கறுக்காது. நிழல்ல காயப்போட்டு இடிச்சு, துணியில சலிச்சது. பிஸ்கட்டு துரை வீட்டுது. இந்தப் பொடி என்னோடது." சித்தி சிரித்தாள். "கிறிஸ்மஸுக்குப் பச்சைதானய்யா அழகு?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, முறுக்கு சுட்டுட்டுப் போறதை விட்டுட்டு எதுக்கு இந்தப் பவுசு?"

"முறுக்கு எல்லாரும் சுடுவாங்கக்கா. வேலைக்கு என்னைத்தான் வைக்கணும்னு அவங்களுக்குத் தோண வேண்டாமா?"

சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. அந்த மூன்றோடு ஒரு கைப்பிடி பச்சை. தட்டு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு ஈடு வேக முக்கால் மணி நேரம். இட்லிக்குச் சொல்வதுபோல் ஈடு என்றுதான் அவளும் சொன்னாள். நான் பள்ளிக்குப் போகாமல் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அண்டாவுக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒன்றரைக்குப் பத்தாவது ஈடு இறங்கியது. மொத்தம் நூற்றிருபது. விடுதியில் பிள்ளைகள் நூறு பேர். உடைசலுக்கும் டீச்சர்மாருக்கும் இருபது. மூடியில் குதிரைவண்டிப் படம் போட்ட தகர டின்னில் அடுக்கி, சாமான் அறையில் உயரத்துப் பலகைமேல் வைத்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கிறிஸ்துமஸ் பண்டத்தை, அது போகவேண்டிய இடத்துக்குப் போய் ஜெபம் முடியும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு சரியா என்றுகூட நாக்கில் வைக்கமாட்டார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சித்தி குளிக்கப் போனாள். அம்மா கண்ணயர்ந்திருந்தாள். நான் முக்காலியைப் போட்டு ஏறினேன். ஈட்டுக்கு ஒன்று வீதம் பத்து தின்பது என்று முடிவு செய்து தின்றேன். அப்புறம் சும்மா ஒன்று. பதினொன்று. மிச்சத்தைப் பரப்பி அடுக்கி, மூடியை முன்போலவே மூடினேன்.

மறுநாள் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. விடுதிக் கூடத்தில் நூறு பிள்ளைகள் ஐந்து வரிசையாகச் சம்மணமிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டார் ஐந்து பேரும் சுவரோரம் நின்றோம். விடுதிக்குத் தலைமையான பெரிய டீச்சர் டின் மூடியைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

"என்ன இது? பச்சைப் பசேல்னு இருக்கு?"

"தேயிலைப் பொடி டீச்சர். மலையிலேருந்து நானே கொண்டாந்தது."

"தேயிலை கறுப்புல்லா? நான் பாக்காத தேயிலையா?"

முன்வரிசையில் ஒருத்தி "பாசி பிஸ்கட்டு" என்றாள். பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. முந்தின வருடம் ஈயம் போன பாத்திரத்தில் வைத்த புளிக்குழம்பால் அந்த விடுதியில் பதினான்கு பிள்ளைகள் வாந்தியெடுத்திருந்தார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஈயப்பூச்சு தேய்ந்த பித்தளையில் பச்சை பூத்தால் அது களிம்பு; களிம்பு என்றால் விஷம். அதைத்தான் நம் எல்லோருக்கும் சொல்லி வளர்த்தார்கள். பச்சைத் தேயிலை என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லித் தரவில்லை.

டீச்சர் அம்மாவிடம் திரும்பினார். "எதுல வச்சு சுட்டா?"

"பித்தளை அண்டால டீச்சர்."

"ஈயம் பூசி எவ்வளவு நாளாச்சு?"

அம்மாவுக்குப் பொய் வராது. "ரெண்டு வருசம் இருக்கும். ஈயம் பூசுதவர் இந்த மழையில வரல…"

"மாவு அண்டாவுல படவே இல்ல டீச்சர்!" என்றாள் சித்தி. "பீங்கான் சட்டியில பிசைஞ்சேன். தகரத் தட்டுல வச்சேன். அண்டாவுல மணல்தான் கெடந்துச்சு."

அப்பா தன் பங்குக்குத் தொண்டையைச் செருமினார். "மலைத் தேயிலைக்கு ஏதோ மருந்து அடிப்பாங்கன்னு கேள்வி. அதுவும் பச்சையாத்தான் இருக்குமாம்." நல்ல மனிதர். வேண்டுமென்று சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சபையில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"மொத்தம் எத்தனை செஞ்ச? வெளியே யாருக்கும் போயிருக்கா?"

"ஒன்பது ஈடு டீச்சர். நூத்தியெட்டு. எண்ணிப் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பதா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்து ஈடு எண்ணியிருக்கிறேன். டீச்சர் வாய்விட்டு எண்ணினார். நூற்று ஆறு, நூற்று ஏழு, நூற்று எட்டு. டின் காலி. சித்தி ஓர் ஈட்டை மறந்துவிட்டாள், அவளுக்குக் கணக்கு வராது, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த கணமே இன்னோர் அதிர்ச்சி. நூற்றிருபதில் பதினொன்று போனால் நூற்றொன்பது அல்லவா? ஒன்று எங்கே?

அதற்குள் சித்தி கையை நீட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் தின்றாள். நூறு பிள்ளைகளும் "ஐயோ" என்றார்கள்.

"நீ இப்ப தின்னா என்ன தெரியும்?" என்றார் டீச்சர். "களிம்பு உடனே காட்டாது. ஒரு ராத்திரி போகணும். நேத்தே யாராவது தின்னுருந்தா சொல்லுங்க. அவங்க நல்லா இருக்காங்கன்னா நான் பிள்ளைகளுக்குக் குடுக்கேன். வீட்டுல யாரும் தின்னீங்களா?"

நண்பர்களே, நான் நேற்றே தின்றிருந்தேன். ஒரு ராத்திரி போயிருந்தது. காலையில் ஐந்து இட்லி தின்று, மதியம் இரண்டு முறை சோறு வாங்கி, கல்லுப்போல் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கூடத்திலேயே அவர் கேட்ட சாட்சி நான்தான். டீச்சருக்கும் எனக்கும் இடையில் ஆறு அடி. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் பிரம்பு வீட்டில் கதவுக்குப் பின்னால் எந்த ஆணியில் தொங்குகிறது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. தங்கச்சி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இல்ல டீச்சர்," என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி. "ஜெபத்துக்கு முந்தி எங்க வீட்டுல யாரும் தொடமாட்டாங்க. என் ரெண்டு புள்ளைகளும் தொடாது."

அவளுக்கு ஒரு பிள்ளைதான்.

விடுதிக்குப் பின்னால் வாகை மரத்தடியில் இரண்டடிக் குழி வெட்டி நூற்றேழையும் புதைத்தார்கள். சித்தி ஞாயிறு காலை உயிரோடு போய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். "உனக்கு மலை உடம்பு, தாங்கும். என் பிள்ளைகளுக்குத் தாங்குமா?" என்று கேட்டார் டீச்சர். அவரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நூறு பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்.

திங்கள்கிழமை நான் தனியாக வாகை மரத்தடிக்குப் போனேன். குழியிலிருந்து எறும்புகள் பச்சைத் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போயின. அரைமணி நேரம் பார்த்தேன். செத்த எறும்பு ஒன்றுகூட இல்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் நாள் சித்தி மகளோடு பஸ் ஏறினாள். இரண்டு மூட்டை, தகரப் பெட்டி. குதிரைவண்டி டின்னை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். "கோலிக்காய் போட்டுக்கோய்யா" என்றாள். ஒரு வெள்ளத்தில் அது போயிற்று, உள்ளே இருந்த நாற்பத்தொரு கோலியோடு.

அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். படிகள், தூண்கள், பஸ் நிறுத்தங்கள், பந்தியில் விழும் அப்பளங்கள். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். காரணம் அந்த ஒரு பிஸ்கட்தான். பதினொன்று என்று சத்தியம் செய்வேன்; டின்னோ பன்னிரண்டு குறைந்தது என்றது. பதற்றத்தில் தப்பாக எண்ணிவிட்டேன் என்று முடிவுசெய்தேன். அதற்குப் பிறகு எதையும் இரண்டு முறை எண்ணாமல் நம்பியதில்லை.

சித்தி பதினெட்டு வருடம் முன்பு மலையிலேயே இறந்தாள். அதற்கு முன் நான்கு முறை மலைக்குப் போய் அவளைப் பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் சொல்லத்தான் போனேன். நான்கு முறையும் அவள் கொடுத்த பச்சைத் தேநீரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பேத்தி இரண்டாவது தட்டை அடுப்புப் பெட்டிக்குள் வைத்தாள். அதிலும் பன்னிரண்டு.

"எத்தனை தட்டு ஆச்சு?" என்று சோதித்தேன்.

"ரெண்டு தாத்தா. இதுகூட மறக்குமா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். முக்கால் மணிக்கு ஒருமுறை சிரட்டைக் கனல் மாற்றி, ஏழரை மணி நேரம் புகையில் நின்றவள், ஓர் ஈட்டை முழுதாக மறப்பாளா? ஐம்பத்தேழு நாளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தவள்? சித்தி மறக்கவில்லை. டீச்சர் எண்ணுவதற்கு முன்பே டின்னில் நூற்றெட்டு இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து சொன்ன பொய் அது. அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய். இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியாருக்கு அறுபத்துநான்கு வருடம் ஆகியிருக்கிறது.

தங்கச்சி நாற்பத்திரண்டு வருடம் இலை பறித்தாள். இப்போது மலையை விட்டு இறங்கி, மணிமுத்தாறில் மகன் வீட்டில் இருக்கிறாள். மறுநாளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பதினொரு பிஸ்கட்டை எண்ணி வைத்துக்கொண்டு புறப்பட்டேன். முக்கூடல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியது என் தவறு. முப்பத்தொரு நிறுத்தம்.

"வாங்கண்ணே! போன் கூட பண்ணாம வந்திருக்கீங்க? யாருக்கும் ஒன்னுமில்லையே?"

டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது அம்மா பிஸ்கட்டுல்லா!" என்றாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அந்த விரல்களின் வெடிப்பில் இலைக்கறை இன்னும் கறுப்பாக நிற்கிறது. "பதினொன்னு."

சொன்னேன். முக்காலி, பலகை, ஈட்டுக்கு ஒன்று, சும்மா ஒன்று, டீச்சர் கேட்டது, கடிகாரத்தைப் பார்த்து நின்றது. நான்கு நிமிடத்தில் சொல்லி முடிந்துவிட்டது. அறுபத்துநான்கு வருடம் வாய்க்குள் வைத்திருந்த சங்கதி வெறும் நான்கு நிமிடம்தான்.

"தெரியும்ணே," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க முக்காலி போட்டு ஏறுனது. நான் அரிசி மூடைக்கு அங்கன ஒளிஞ்சுல்லா இருந்தேன். நீங்க போன பொறவு அதே முக்காலில பைய ஏறி நானும் ஒன்னு எடுத்தேன்."

"ஒன்றா?"

"ஒன்னே ஒன்னுதான்."

பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. என் கணக்குத் தப்பவில்லை. பதினொன்று சரிதான். வெட்கக்கேடு, அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

"சித்திக்குத் தெரியுமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே டின்னைத் தெறந்து எண்ணிட்டா. கேட்டா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'வாயத் தொறக்காத. விடுதி வெண்ணெயில சுட்டு வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்தான்னு பேராயிரும். அவனை அவங்கப்பா உரிச்சிருவாரு. நான் ஒன்பது ஈடுன்னு சொல்லிக்கிடுதேன்'னா. மறுநா அந்தப் பச்சையால இப்படி வரும்னு அவ கண்டாளா?"

"நீ அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கேட்ட பிறகுதான் அதை யார் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது.

தங்கச்சிக்குக் கோபம் வரவில்லை. "வாயெடுத்தேன். அம்மா என் கையைப் போட்டு நசுக்கிட்டா. எனக்கு ஆறு வயசுண்ணே. நீங்க பெரியவங்க, நீங்க சொல்லிருவீங்கன்னு உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்."

ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக ஒடித்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். "வெண்ணெ கூடிப்போச்சு. அம்மா இவ்வளவு போடமாட்டா," என்றாள். பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். உள்ளே பத்து இருந்தன.

"எடுங்கண்ணே."

என் கை மடியை விட்டு எழவில்லை. கண்கள் என்னை அறியாமல் சுவரில் கடிகாரத்தைத் தேடின. அந்த வீட்டுச் சுவரில் கடிகாரம் இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று விடுதிக் கூடத்தில் பார்த்ததுபோலவே. இந்த முறையும் நான் வாய் திறக்க வெகுநேரம் ஆயிற்று.